இரு பெருநாள்களைக் கண்ட அப்பிள்

சாய்ந்தமருதில் வசிக்கும் எனது ராத்தாவின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் ஓர் அப்பிள் வெளியே வந்தது. கீழ்த்தட்டில், கறிவேப்பிலைப் பொதிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. அது நோன்புப் பெருநாளைக்கு வாங்கிய பழம் என்று ராத்தா அடித்துச் சொன்னார். இரு பெருநாள்களுக்கும் இடையே ஏறத்தாழ 70 நாட்கள். அத்தனை நாள் கழிந்தும் தோலில் சுருக்கமில்லை, கறுப்புப் புள்ளியில்லை, கடையில் இருந்த அதே பளபளப்பு.

ராத்தாவின் மகள் அதைக் கையில் எடுக்கவே அஞ்சினாள். "மாமா, இதுக்கு என்ன மருந்து அடிச்சிரிக்காங்க?" என்று கேட்டுவிட்டு, தனது தொலைபேசியில் இருந்த குரல் பதிவொன்றை எனக்குப் போட்டுக் காட்டினாள். தன்னை ஒரு வைத்தியர் என்று சொல்லிக்கொள்ளும் யாரோ ஒருவர், எந்த ஊர் என்றோ என்ன பெயர் என்றோ சொல்லாமல், அப்பிளுக்கு மெழுகு பூசுவதாகவும், பிணத்துக்கு ஏற்றும் போர்மலினில் பழங்களை முக்கி எடுப்பதாகவும், நாட்டில் புற்றுநோய் பெருகியதற்கு இதுவே காரணம் என்றும் நடுங்கும் குரலில் சொல்லிக்கொண்டு போனார். இறுதியில், இதை உங்கள் உறவினர் அனைவருக்கும் அனுப்புங்கள் என்ற வேண்டுகோள்.

பத்திரிகைத் தொழிலில் 30 ஆண்டுகளைக் கடந்த எனக்கு, பெயரில்லாத வைத்தியர்களிடம் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் மருமகளின் கேள்வி நியாயமானது. பழம் என்றால் பழுக்க வேண்டும், பழுத்தால் அழுக வேண்டும். இரண்டையும் செய்யாத பொருளைச் சந்தேகிப்பது மனித இயல்பு. அவளுக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். அது ஒரு பழத்தின் கதை மட்டுமன்று. எமது கரையோர ஊர்களின் கதையும் அதற்குள் இருக்கிறது.

புகைக்குழியில் தொடங்கிய கதை

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று தெற்கே நீளும் எமது ஊர்கள் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் நடுவில் உள்ள மணற்பட்டியில் நெருக்கியடித்து அமைந்தவை. தென்னையும் முருங்கையும் வளரும் வளவுகளில் ஓரிரு மாமரங்கள், வேலியோரம் சில வாழைகள் நின்றன. மற்றப் பழங்கள் மேற்கிலிருந்தே வந்தன. பதியத்தலாவை, பிபிலை, மொனறாகலைப் பக்கங்களிலிருந்து வாழைக்குலைகளும் தோடம்பழங்களும் இறங்கும். அவை எல்லாம் காயாகத்தான் வரும். பழமாக்குவது எங்கள் பொறுப்பு.

எனது உம்மம்மா குலையைப் பழுக்கப் போடும் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வளவின் மூலையில் ஒரு குழி. அடியில் வாழைச்சருகு. அதன் மேல் சீப்புகளாக வெட்டிய காய்கள். மேலே பலகையும் சாக்கும் இட்டு மண்ணால் மூடிவிட்டு, ஓரத்தில் விட்ட துவாரத்தின் வழியே பொச்சுமட்டையைக் கொளுத்திப் புகையை உள்ளே ஊதுவார். காலையும் மாலையும் இவ்வாறு ஊதி, மூன்றாம் நாள் திறந்தால் மஞ்சள் பூத்த கோழிக்கூட்டுப் பழம். மாங்காயானால் வைக்கோலுக்குள் அல்லது நெல்லுக்குள் போகும். ஒரு பழுத்த மாம்பழத்தைக் காய்களின் நடுவில் வைக்க அவர் மறப்பதில்லை. "ஒன்றைப் பார்த்து ஒன்று பழுக்கும்" என்பது அவர் தந்த விளக்கம்.

அந்த விளக்கத்தை அறிவியல் உலகம் வந்தடைய நீண்ட காலம் சென்றது. 1901 ஆம் ஆண்டு ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் திமித்ரி நெல்யூபோவ் என்னும் மாணவர், விளக்குகளுக்கு எரிக்கும் வாயு கசிந்த அறையில் பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளர்வதைக் கண்டு, அதற்குக் காரணம் எதிலீன் என்னும் வாயு எனக் கண்டறிந்தார். அக்காலத்தில் கலிபோர்னியாவில் எலுமிச்சை வியாபாரிகள் பச்சைக் காய்களை மஞ்சளாக்குவதற்கு மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளில் அடுக்கி வைத்தார்கள். அடுப்பின் சூடுதான் நிறத்தைத் தருகிறது என்பது அவர்களது நம்பிக்கை. 1912 இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் காரணம் சூடல்ல, எரிவதால் எழும் வாயு என்று காட்டினார்கள். 1924 இல் ஃபிராங்க் டென்னி அந்த வாயு எதிலீன் என்று நிறுவினார். 1934 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கேன் இன்னும் ஒரு படி சென்று, பழுக்கும் அப்பிள் தானே இந்த வாயுவை வெளியிடுகிறது என்பதை நிரூபித்தார்.

ஆக, பொச்சுமட்டைப் புகையில் இருந்ததும் அந்த வாயுதான். பழுத்த மாம்பழம் பக்கத்துக் காய்க்குச் சொன்ன சேதியும் அதுதான். உம்மம்மா கூறியதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

இங்கே ஒரு குறிப்பை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பழங்கள் இரண்டு வகைப்படும். வாழை, மா, பப்பாசி, தக்காளி, அப்பிள் போன்றவை முற்றிய நிலையில் பறித்தால் பின்னரும் பழுப்பவை. தோடை, எலுமிச்சை, திராட்சை, அன்னாசி போன்றவை மரத்தில் அல்லது கொடியில் எவ்வளவு இனித்தனவோ அவ்வளவுதான். பறித்த பின் இனிப்புக் கூடாது. கடையில் வாங்கிய புளிப்புத் தோடம்பழம் வீட்டில் பழுக்கவில்லை என்று காத்திருப்பவர், வராத பேருந்துக்குக் காத்திருப்பவர்.

முதல் அப்பிள்

1970 முதல் 1977 வரை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் செழித்ததும் அக்காலத்தில்தான். அப்பிள் என்பது எமக்கு ஆங்கில அரிச்சுவடியின் முதற்பக்கத்தில் மட்டும் காய்த்த பழம். 1977 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்த்தன ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கதவுகள் திறந்தன.

அடுத்த ஆண்டு, கொழும்பு சென்று திரும்பிய வாப்பா புறக்கோட்டையிலிருந்து ஓர் அப்பிள் வாங்கி வந்தார். இரவு முழுவதும் பேருந்தில் உருண்டு வந்ததில் அதன் ஒரு பக்கம் கன்றியிருந்தது. உம்மா அதை எட்டுத் துண்டாக வெட்டினார். எனக்குக் கிடைத்தது கன்றிய துண்டு. சாப்பிட்டு முடிந்த பின்னரும் விரல்களை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை மறக்கக்கூடியதன்று.

இன்று கல்முனைச் சந்தையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்தப் பழக்கடையிலும் வருடம் முழுவதும் அப்பிள் இருக்கிறது. எட்டுத் துண்டு போட அவசியமில்லை. வாசனை மட்டும் இல்லை. எங்கே போயிற்று என்பதற்கு விடை, முதலாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தில் இருக்கிறது.

போர் கற்பித்த சேமிப்பு

பழம் மூச்சு விடுகிறது. பறித்த பின்னரும் அது உயிருள்ள பொருள்; காற்றிலுள்ள ஒட்சிசனை உள்ளெடுத்து, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழித்து, கரியமில வாயுவை வெளிவிடுகிறது. இந்தச் செலவு முடியும்போது பழத்தின் ஆயுளும் முடிகிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் பழம் பழுப்பதில்லை என்பதை பிரான்சின் மொன்பெலியே நகரத்து இரசாயனவியலாளர் பெரார் என்பவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதினார். அவருக்கு 1821 இல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதைப் பயன்படுத்த எவரும் முன்வரவில்லை.

கடல்வழியே வரும் உணவை நம்பி வாழ்ந்த பிரித்தானியாவுக்கு, ஜேர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் உணவு விரயத்தின் விலையைக் கற்றுக்கொடுத்தன. அழுகிப்போகும் ஒவ்வொரு பழத்துக்கும் கணக்குப் பார்க்கும் நிலை வந்தது. அந்நாட்களில் கேம்பிரிட்ஜில் ஃபிராங்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்னும் இருவர் அப்பிளின் மூச்சை அளக்கத் தொடங்கினார்கள். காற்றில் சுமார் 21 சதவீதமாக உள்ள ஒட்சிசனைக் குறைத்து, கரியமில வாயுவைச் சற்றுக் கூட்டி, குளிரும் சேர்த்தால் பழம் ஏறத்தாழ உறங்கிவிடுகிறது என்பது அவர்களது முடிவு. 1929 இல் கென்ட் மாவட்டத்தில் முதலாவது வணிக வாயுக் களஞ்சியம் எழுந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேர்ட் ஸ்மொக் இம்முறையைக் கற்றுச் சென்று அங்கே பரப்பினார்.

இன்றைய களஞ்சியங்களில் ஒட்சிசன் 1 முதல் 3 சதவீதம் வரைதான்; வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியது. மனிதர் உள்ளே போனால் சில நிமிடங்களில் மயங்கி விழுவார். அப்பிள்கள் அங்கே பத்து மாதம், ஏன் ஓராண்டு வரையும் கிடக்கும். இதற்கு மேலதிகமாக, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எட்வேர்ட் சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் ஆகிய இருவர் 1990களில் 1-எம்சிபி என்னும் வாயுவின் பயனைக் கண்டறிந்தார்கள். எதிலீன் வந்து அமரவேண்டிய ஆசனத்தில் இது முந்தி வந்து அமர்ந்துவிடும். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு போதும். பழுக்கும்படி வரும் சேதி அதன் பின்னர் பழத்துக்குக் கேட்பதில்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2002 இல் இதை உணவுப் பழங்களுக்கு அனுமதித்தது. பின்னர் பல நாடுகளும் அனுமதித்தன.

ராத்தாவின் அப்பிள் கெடாததற்கான காரணங்கள் இவைதாம். முற்றிய உடனேயே பறித்தல், குளிர், குறைந்த ஒட்சிசன், பல வேளைகளில் 1-எம்சிபி, கடைசியில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. மெழுகும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. அப்பிளுக்கு இயற்கையிலேயே ஒரு மெழுகுத் தோல் இருக்கிறது. பறித்ததும் கழுவுகையில் அதில் ஒரு பகுதி போய்விடுவதால், பிரேசிலின் பனை வகையொன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகையோ, அரக்குப் பூச்சியிலிருந்து பெறும் அரக்கையோ மெல்லிதாகப் பூசுகிறார்கள். இவை உண்ணத் தகுந்தவை என அனுமதிக்கப்பட்டவை; நீர் வற்றாமற் காப்பதே இவற்றின் வேலை.

விலை இல்லாமல் எதுவும் கிடைப்பதில்லை. எதிலீன்தான் வாசனையையும் திறக்கும் சாவி. சேதியைக் கேளாத பழம் கெடாமல் இருக்கும், மணக்கவும் செய்யாது. 1978 இல் எனது விரலில் ஒட்டியிருந்த வாசனை, இன்றைய பழத்தில் இல்லாததன் காரணம் இதுதான். எமது சந்தைக்கு வரும் அப்பிள் நஞ்சூட்டப்பட்ட பழம் என்பதற்கு ஆதாரமில்லை. அது வயது போன பழம். வயது தெரியாதபடி வளர்ந்த பழம்.

பழுக்காத தக்காளி

கெடாத அப்பிளின் கதை அது. பழுக்காத தக்காளியின் கதை வேறு; அது நமது நாட்டுக்குள்ளேயே நடக்கிறது.

1999 ஆம் ஆண்டு தம்புள்ளையில் விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின்னர், நாட்டின் மரக்கறி வியாபாரத்தின் பெரும்பகுதி அங்கு போய்த் திரும்பும் வழக்கம் உருவானது. காய்கள் சாக்குகளில் அடைக்கப்பட்டு, லொறியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றப்பட்டு, மேலே ஆட்களும் அமர்ந்து வருகிறார்கள். அறுவடைக்கும் அடுப்புக்கும் இடையில் 30 சதவீதத்துக்கும் மேல் வீணாகிறது என்பது இந்நாட்டில் பல்லாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. 2011 டிசம்பரில் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசாங்கம் முயன்றபோது தம்புள்ளையிலும் பிற இடங்களிலும் வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்துக் கிளம்பினார்கள், அரசாங்கம் பின்வாங்கியது.

கூடை இல்லாத நாட்டில், காயே கல்லாக இருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விவசாயி தோல் தடித்த கலப்பின வகைகளை நாடுகிறார், பச்சையாகவே பறிக்கிறார். போதிய அளவு முற்றாமல் பறித்த காய், எத்தனை நாள் வைத்தாலும் நிறம் மாறி வதங்குமே தவிரப் பழுக்காது. மாங்காய்க்கும் இதே விதிதான்.

தக்காளியை நெடுநாள் வைத்திருக்கும் ஆசை உலகெங்கும் இருந்தது. பழுக்கவே மறுக்கும் ஒரு தக்காளி மரபுவகை 1968 இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. அதைச் சாதாரணச் செடியோடு கலந்தால் மெதுவாகப் பழுக்கும், வாரக்கணக்கில் இறுகி நிற்கும் காய்கள் கிடைத்தன. கடைகளில் நீண்ட நாள் நிற்கும் தக்காளி வகைகள் பலவற்றின் முன்னோர் அதுதான். இது பழைய முறை ஒட்டுக்கலப்பு. மரபணு மாற்றம் அல்ல. மரபணு மாற்றிய முதலாவது தக்காளி, கலிபோர்னியாவின் கல்ஜீன் நிறுவனத்தின் ஃபிளேவர் சேவர். 1994 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்று, செலவுக்குக் கட்டுப்படியாகாமல் 1997 அளவில் சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. கடையில் கெட்டியான தக்காளியைக் கண்டதும் மரபணு மாற்றியது என்று முடிவுகட்டுவோர் இதனை அறிந்துகொள்வது நல்லது.

இன்னொரு குற்றவாளி எமது வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. வெப்ப நாட்டுப் பயிர்களுக்குக் குளிர் ஆகாது. தக்காளியும் வாழையும் மாங்காயும் 12 அல்லது 13 பாகைக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் பழுக்கும் திறனையே இழந்துவிடும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உள்வெப்பம் 4 பாகை அளவு. சந்தையிலிருந்து வந்த காய்த் தக்காளியை நேரே அதற்குள் வைத்துவிட்டு, ஒரு வாரத்தின் பின் பழுக்கவில்லையே என்று கடைக்காரரை ஏசுகிறோம். முதலில் வெளியே பழுக்க விட்டு, அதன் பின் உள்ளே வைக்க வேண்டும்.

அஞ்ச வேண்டிய கல்

பயப்பட எதுவுமே இல்லை என்று சொல்வது எனது நோக்கமல்ல. பயத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

வெல்டிங் கடைகளில் அசெற்றிலீன் வாயு எடுக்கப் பயன்படும் கல்சியம் காபைட் என்னும் சாம்பல் நிறக் கல்லைக் காய்ப்பொதிக்குள் வைத்தால், காற்றின் ஈரம் பட்டு வாயு எழும். அசெற்றிலீன் ஓரளவுக்கு எதிலீனைப் போலவே வேலை செய்யும். பிரச்சினை என்னவென்றால், தொழிற்சாலைக் காபைட்டில் ஆசனிக்கும் பொசுபரசும் கலந்திருக்கும். அவற்றிலிருந்து எழும் வாயுக்கள் நச்சுத்தன்மை கொண்டவை. பழத்தைக் கையாளும் தொழிலாளிதான் முதலில் பாதிக்கப்படுகிறார். இந்தியாவின் 2011 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் காபைட் வாயுவால் பழுக்கவைத்த பழத்தை விற்பதைத் தடைசெய்கின்றன. அதற்கு மாற்றாகப் பத்து இலட்சத்துக்கு 100 பங்கு வரை எதிலீன் வாயுவைப் பயன்படுத்த அங்கு அனுமதி உண்டு. எமது நாட்டிலும், உடலுக்குத் தீங்கான உணவை விற்பது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி குற்றம். பார்வையிடும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு.

தோல் முழுவதும் ஒரே சீரான மஞ்சள், காம்பு மட்டும் பச்சை, உள்ளே கட்டை, மணமோ இல்லை என்றால் அவசரமாகப் பழுக்க வைத்த பழம் என்று ஊகிக்கலாம். எதனால் பழுக்க வைத்தார்கள் என்பதை மட்டும் கண்ணால் சொல்ல முடியாது. ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.

போர்மலின் கதைக்கு வருவோம். பங்களாதேஷில் 2014 ஆம் ஆண்டு பொலிசார் டாக்கா நகரின் நுழைவாயில்களில் கருவிகளோடு நின்று, போர்மலின் கலந்தவை என்று லொறி லொறியாக மாம்பழங்களையும் பிற பழங்களையும் நசுக்கி அழித்தார்கள். பின்னர்தான் தெரிந்தது, அக்கருவி காற்றிலுள்ள போர்மல்டிஹைட்டை அளப்பதற்குச் செய்யப்பட்டது, பழத்தைச் சோதிக்க உதவாதது என்று. பழங்களில் இயற்கையாகவே சிறிதளவு போர்மல்டிஹைட் இருக்கிறது. தவிரவும் போர்மலின் புரதத்தை இறுக்கும் பொருள். மீனில் அதற்கு வேலை உண்டு, புரதம் குறைந்த பழத்தில் வேலையில்லை. எத்தனையோ விவசாயிகளின் ஓராண்டு உழைப்பு வீதியில் சாறாக ஓடியது.

எமக்குப் பழக்கமான கெடாத பழம்

கெடாத பழம் என்றாலே அருவருக்கும் நாம், நோன்பு திறக்கும் வேளையில் முதலில் கையில் எடுப்பது மாதக்கணக்கில் கெடாத ஒரு பழத்தைத்தான். பேரீத்தம்பழம் எங்கோ பாலைவனத்தில் பழுத்து, கப்பலேறி, கொழும்பில் இறங்கி, எமது மேசைக்கு வருகிறது. நோன்பு காலத்தில் அதன் இறக்குமதித் தீர்வையை அரசாங்கம் குறைத்த ஆண்டுகளும் உண்டு.

அரபு மக்கள் அதன் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பச்சைக் காய் கிம்ரி. நிறம் வந்து மொறுமொறுப்பாக இருப்பது கலால். குழைந்து நீர் நிறைந்தது ருதப். மரத்திலேயே வற்றி இனிப்பு மிகுந்தது தம்ர். ருதப் சில நாட்களில் புளித்துவிடும். தம்ர் நிற்கும். அதில் சர்க்கரை மிகுந்து, நுண்ணுயிர் வாழ நீர் போதாமல் இருப்பதே காரணம். இதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஏன்? அது ஏன் கெடுவதில்லை என்பது எமக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தெரியும். புகைக்குழி வாழைப்பழத்தையும் நாம் சந்தேகித்ததில்லை. ஊதியவர் எமது உம்மம்மா. அப்பிளைச் சந்தேகிக்கிறோம். அது எங்கே பழுத்தது, யார் பறித்தார்கள், எத்தனை மாதம் எந்த இருட்டறையில் கிடந்தது என்று சொல்ல எவரும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பெயரில்லாத வைத்தியர் வந்து அமர்கிறார்.

ஒரு மாவுக்கட்டியின் விலை

இதை நான் வெறும் அறிவியல் ஆர்வத்தால் எழுதவில்லை. எமது மாவட்டத்துக்கு இந்த விடயத்தில் ஓர் அனுபவம் இருக்கிறது.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்தவர்கள் கறியில் ஒரு கட்டியைக் கண்டார்கள். சிங்களவரை மலடாக்க இடப்பட்ட மாத்திரை அது என்று கூச்சல் எழுந்தது. உணவகத்தவரை மிரட்டி எடுத்த காணொளி சமூக வலைத்தளத்தில் பரவியது. அன்றிரவே உணவகமும் கடைகளும் வாகனங்களும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில் திகன எரிந்தது. கருவளத்தை நிரந்தரமாக அழிக்கும் அப்படியொரு மாத்திரை உலகில் இல்லை என்று மருத்துவ உலகம் சொன்னது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையும் வந்தது. கறியில் இருந்தது மாவுக்கட்டி.

அறிக்கை வரும்போது சாம்பலும் ஆறிவிட்டது. உணவு பற்றிய ஒரு பொய்யால் சுடப்பட்ட சமூகம் நாம். அதே வகைப் பொய்யை, அதே தொலைபேசியில், அதே வேகத்தில் நாமே அனுப்பிக்கொண்டிருப்பது எனக்கு வேதனை தருகிறது. இன்று அந்தக் குரல் பதிவு அப்பிளைப் பற்றியது. நாளை அது குறித்த ஒரு கடையைப் பற்றியதாக, ஓர் ஊராரைப் பற்றியதாக, ஓர் இனத்தாரைப் பற்றியதாக மாற எத்தனை சொற்கள் தேவை? எமது பழக்கடைகளுக்கு மலைநாட்டிலிருந்தும் மொனறாகலையிலிருந்தும் வரும் காய்களைப் பயிரிடுவோர் பெரும்பாலும் சிங்களவர்; விற்போர் நாம்; வாங்குவோரில் தமிழரும் உண்டு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் நஞ்சென்று கூவினாலும் மற்றக் கண்ணிகள் தப்புவதில்லை.

ஆகவே மருமகளிடம் சொன்னேன்: அந்தப் பதிவை அழித்துவிடு; கேள்வியை மட்டும் அழிக்காதே. கேள்வியைக் கடைக்காரரிடம் கேள், பரிசோதகரிடம் கேள், நகரசபையிடம் கேள். காபைட் பாவித்தால் பிடிக்கச் சொல். இறக்குமதிப் பெட்டியில் நாட்டின் பெயர் இருப்பதுபோலப் பறித்த மாதமும் இருக்க வேண்டும் என்று கேட்போம். அது ஒன்றும் பேராசையல்ல; முட்டைக்கும் பாலுக்கும் கேட்பதைத்தான் பழத்துக்கும் கேட்கிறோம்.

அன்று மாலை நானும் அவளும் பழம் வாங்கிய கடைக்கே நடந்து போனோம். எந்த நாட்டு அப்பிள் என்று கேட்டோம். கடைக்காரர் பழத்தைத் திருப்பி, ஒட்டியிருந்த சிறு வில்லையைக் கண்ணருகே பிடித்து வாசித்து, நாட்டின் பெயரைச் சொன்னார். எப்போது பறித்தது என்று கேட்டோம். நல்ல மனிதர்; கோபிக்கவில்லை. இத்தனை வருட வியாபாரத்தில் அப்படி எவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார்.

வீடு திரும்பி அந்த அப்பிளை வெட்டினோம். வெளியே குறையில்லை. உள்ளே சதை மாவாகியிருந்தது. விதையைச் சுற்றி இலேசான பழுப்பு. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். மணமில்லை. ராத்தா அதைக் கொண்டுபோய்க் குர்பானுக்காகக் கட்டியிருந்த ஆட்டின் முன்னால் போட்டார். அது ஒரு கேள்வியும் கேட்காமல் தின்று முடித்தது.